மூன்றாவது வாளி

"யோவ், இது பீரா? பீர் குடிச்சவன் வாய் கொப்புளிச்ச தண்ணி மாதிரி இருக்கு!"

குமகாய் கோப்பையை 'டக்'கென்று வைத்தார். இசோபே அவசரமாகச் சமாளித்தார்.

"இன்னும் பாட்டில்ல அடைக்கலே இல்லே... நுரை இல்லாததாலே அப்படித் தெரியுது."

"நுரைக்கும் ருசிக்கும் என்னய்யா சம்பந்தம்? சோப்புத் தண்ணிகூடத்தான் நுரைக்குது."

இசோபே எழுந்தார். ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். இது மூன்றாவது வாளி. முதல் வாளியும் சப்பென்று இருந்தது, இரண்டாவதும் அப்படியே. அடுத்த மாதம் பழைய அச்சு இயந்திர ஆலை நண்பர்கள் எல்லாரும் நீகாட்டாவுக்கு வருகிறார்கள். ஆலை மூடிய பிறகு முதல் சந்திப்பு. 'பீர் மட்டும் யாரும் வாங்கி வராதீங்க, அது என் கைப்பக்குவம்' என்று இவர் வாயை விட்டிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு வாளிக்குத்தான் நேரம் இருக்கு. எங்கே தப்புன்னு சொல்லுய்யா!"

குமகாய் பல வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர். டாக்டர் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"பார்லி மால்ட் பாகு பழசா?"

"போன மாசம்தான் தபால்ல வந்தது. டின்னைச் சுரண்டி எடுத்துப் போட்டேன்."

"பாகைக் குறைச்சுட்டு சர்க்கரை கலந்தியா?"

"ஒரு கரண்டிகூட இல்லே. சர்க்கரை போட்டா போதைதான் ஏறும், வாயிலே ஒண்ணும் நிக்காதுன்னு நீதானே சொன்னே?"

"கசப்புக்குப் போடற ஹாப்ஸ் பூ?"

"ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வாசனை தாங்காம நட்சுயே எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சா."

"அப்போ தண்ணிதான். டின்னோட வந்த தாளைப் பார்த்து ஊத்தினியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

ஜப்பானில் வீட்டில் காய்ச்சும் பீரில் ஆல்கஹால் ஒரு சதவீதத்தைத் தொட்டாலே குற்றம். அதனால் டின்னோடு வரும் தாளில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றச் சொல்லியிருப்பார்கள். வாங்குகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, கால்வாசிதான் ஊற்றுவார்கள்.

"அதானே! என்னோடது ஏழு சதவீதம். ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு என் மச்சான் யாரோட செருப்பையோ போட்டுக்கிட்டுப் போயிட்டான்" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் குமகாய்.

இசோபேவின் மனைவி நட்சுயே சுட்ட கணவாய் மீன் கிண்ணங்களைத் தட்டில் கொண்டு வந்து வைத்தாள். சனிக்கிழமை, அவளுக்கு ஆபீஸ் விடுமுறை.

"இவர் பீர் எனக்குப் பிடிச்சிருக்கு, குமகாய்சான். லேசா, வயித்துக்கு இதமா இருக்கு."

"நட்சுயேசான், அதெல்லாம் பார்லி டீயைப் பத்திச் சொல்ற பேச்சு!"

இசோபேவால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. நண்பரைக் கையைப் பிடித்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த வாளியிடம் இழுத்துக்கொண்டு போனார். அடியில் குழாய் வைத்த, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற பிளாஸ்டிக் வாளி.

"நீ போன்ல சொன்னியேன்னு, ஊத்தின மட்டத்துக்கு டேப்கூட ஒட்டினேன். சுவர்ப் பக்கமா இருக்கு, பாரு."

இருவரும் வாளியை மெல்லத் திருப்பினார்கள். நீல டேப் இருந்தது. பீர் அதற்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நின்றது.

குமகாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன்யா, பீர் குட்டி போடுமா?"

"ஈஸ்ட் குட்டி போடும்னு படிச்சேன்..."

"ஈஸ்ட் போடும். பீர் போடாது. இதிலே யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இசோபே மெதுவாகத் திரும்பினார். காலித் தட்டை மார்போடு அணைத்தபடி நட்சுயே அறை வாசலில் நின்றிருந்தாள்.

"மூணு வாளியிலேயும் நான்தான்" என்றாள். "நீங்க மீன் வாங்கப் போற நேரத்துல குழாயைத் திறந்து முக்கால்வாசிக்கு மேல வெளியே விட்டுட்டு, கொதிச்சு ஆறின தண்ணியை ஊத்தினேன். இந்தத் தடவை கை கொஞ்சம் தாராளமாயிடுச்சு போல."

"அடிப்பாவி!" இசோபே கத்தினார். "என் லிவர் கெட்டுடும்னா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையே! பிடிக்கலேன்னா காய்ச்சாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அத்தனை பேர் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"நிறுத்தச் சொல்ல மனசு வரலே. ஆலை மூடினதுலேர்ந்து நீங்க வாய்விட்டுப் பாடினதே இந்த வாளி முன்னாடிதான்."

இசோபேவின் கோபம் பாதி வழியில் நின்றது.

"அப்புறம் ஏன் இப்படிப் பண்ணினே?"

நட்சுயே தட்டை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜூலை மாறுதல்ல வரி ஆபீஸ்ல எனக்கு மேஜை மாறிடுச்சு, உங்ககிட்ட சொல்லலே. இப்போ நான் மதுவரிப் பிரிவு. வீட்டுல சட்டத்தை மீறிக் காய்ச்சறவங்களைப் பிடிக்கறதுதான் என் வேலை" என்றவள், செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நண்பர் பக்கம் திரும்பினாள். "இவரோடது ஒரு சதவீதத்துக்குக் கீழே, மூணு வாளியையும் அளந்துட்டேன். குமகாய்சான், உங்களோடது எவ்வளவுன்னு சொன்னீங்க?"