சின்ன அறை

குடிபோகப் பார்த்த ஒன்பதாவது வீட்டிலும் மாமியார் நேராகச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஹால்ல பேசிக்கிட்டிருங்க."

எட்டு வீட்டிலும் இதே கூத்துதான். வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார். ஸ்டேஷன் பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு, எல்லாம் அப்படித்தான் கைநழுவின.

"ஒட்டுக்கேக்க வாகான ரூம் தேடுறாங்க உங்கம்மா," என்றேன் கணவரிடம்.

"மெதுவா பேசு, காதுல விழப்போகுது."

"விழட்டும்."

கதவு திறந்தது. மாமியார் முகம் தெளிந்திருந்தது.

"இதையே முடிச்சிடுங்கப்பா."

"இதுல மட்டும் அப்படி என்ன விசேஷம் அத்தை?" எரிச்சலை நான் மறைக்கவில்லை.

"நீங்க பேசினது ஒண்ணுமே கேக்கலைம்மா. இப்ப இருக்கிற வீட்டுல, என்னை எந்த முதியோர் இல்லத்துல விடலாம்னு நீங்க பேசுறது தினமும் கேக்குது."