கண்ணாடியா, பல்லா

கனடாவின் பிறம்ரன் நகரில், வாடகை வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஸ்நோவின் வெள்ளை வெளிச்சம் விழுகிறது. இராசதுரை வேலை செய்யும் தொழிற்சாலை தந்த காப்புறுதிப் படிவத்தில் இரண்டு திட்டங்கள்: மூக்குக்கண்ணாடி அல்லது பல் வைத்தியம். ஒன்றைத்தான் எடுக்கலாம், கனடாவில் இருப்பவருக்கு மட்டும். அவனுடைய உடைந்த கண்ணாடியைப் பிளாஸ்ரர் ஒட்டுத்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. படிவத்தின் அருகே, மட்டக்களப்பிலிருந்து மனைவி பரிமளம் எழுதிய நீலக் கடிதம்: “ஒரு கிழமையாப் பல்லுக் கொதிக்குது. ஊரடங்கில டொக்டரிட்டப் போக ஏலாது. கிராம்பு வைச்சுக் கடிக்கிறன்.” நழுவும் கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி அவன் பல் வைத்தியத்துக்குப் புள்ளடி போடுகிறான். அறைத்தோழன் தங்கத்துரை எட்டிப் பார்க்கிறான். “உன்ர பல்லுக்கு என்னடா? கண்ணாடியெல்லோ உடைஞ்சு கிடக்கு.” “இருக்கட்டும்.” இராசதுரையின் நாக்கு பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது. ஒன்றுகூட வலிக்கவில்லை.