வாசலில் கழற்றிய செருப்பு

மாலை வகுப்பு, பதினோராம் நாள். பாடம்: வடகரைத் தனிநாட்டுப் போரின் வேர்கள். நம் கோயில் காணியைப் பறித்த சட்டத்தையும், ஆட்சியிலிருந்த பெரும்பான்மையினர் அவர்களுடைய மதத்தை அரச மதமாக்கியதையும் எழுதினேன். வேறு வேர் உண்டா என்று தெரியவில்லை.

பிறகு இன்னொருவர் நினைவை நமக்குள் ஓட்டிக் காட்டும் தலைக்கவசத்தை மாட்டினார்கள். மன்னிப்புப் பெற்ற நம் போராளி ஒருவன் பெயர் சொல்லாமல் கொடுத்த நினைவு. அவன் கண்ணால் பார்த்தேன், அவன் விரலால் சுட்டேன். அது அவர்களுடைய வழிபாட்டு மண்டபம். பதினேழு பேர், குழந்தைகளைச் சரியாக எண்ணினேனா தெரியாது. ஒருத்தி என் காலைப் பிடித்தாள். அவள் நெற்றியில் சுட்டேன். இரத்தம் கால்விரல்களுக்கிடையில் சுட்டது. உள்ளே நுழையுமுன் அவன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்திருந்தான்.

வீட்டில் அப்பா சோறு போட்டார்.

“என்ன பிள்ளை, முகம் செத்துக் கிடக்கு?”

“இண்டைக்கு வகுப்பில, போரில சுட்டவன் ஒருத்தன்ர நினைவு காட்டினவை, அப்பா.”

அகப்பை அப்படியே நின்றது.

“செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போனவனோ?”

செருப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. மூன்று தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவேயில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன்: அப்பாவின் செருப்பு சுவரோரம் சோடியாக இருந்தது.