இரவல் போன புயல்

"யோவ் கண்ணாடி! யாரை இரவல் அனுப்பச் சொன்னோம், நீ யாரை அனுப்பித் தொலைச்சிருக்கே?"

கால்பந்து கிளப்பின் செயலாளர் மேசையில் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. பதிவு எழுத்தர் பதறி எழுந்தார். அவருக்குக் கிளப்பில் 'கண்ணாடி' என்றுதான் பெயர். தலைமேல் கண்ணாடியைச் செருகிக்கொண்டு அறை முழுக்கத் தேடுகிற ஆளுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? இன்று தலைமேலும் இல்லை. காலையிலிருந்தே காணவில்லை.

"பதினஞ்சாம் நம்பரைத்தான் சார் அனுப்பினேன்..."

"நல்லாப் பாரு!"

செயலாளர் நீட்டிய தாளை மூக்குவரை கொண்டுபோனார். பிறகு கண்ணை இடுக்கிப் பார்த்தார். எழுத்துகள் மெல்ல ஒன்றுகூடின. பதினாலு.

பதினாலாம் நம்பர் என்றால் புயல்! மூன்று நாளைக்கு முன் வந்து சேர்ந்த, நாடே கொண்டாடிய ஆட்டக்காரர். வயது முப்பத்தெட்டு. 'கரையைக் கடந்த புயல்' என்று முதல் நாளே ஜோக் அடித்ததும் இதே கண்ணாடிதான்.

விஷயம் இதுதான். ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. புயல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டுதான் வந்தார். அப்படியும் ஒரு ஆள் அளவுக்கு வரம்பு தாண்டிவிட்டது. சரிக்கட்ட ஒருவரை வேறு கிளப்புக்கு இரவல் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்துச் சின்ன கிளப் ஒன்று, யாரைக் கொடுத்தாலும் சரி என்று முத்திரை குத்தியே படிவத்தை அனுப்பியிருந்தது. ஒப்பந்தத்திலேயே சம்மதம் இருப்பதால் ஆட்டக்காரரின் கையெழுத்துகூடத் தேவையில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குள் லீக்குக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டது. இனி ஆறு மாதம் மாற்ற முடியாது.

"வாசல்ல நாற்பதடிக்கு அவன் போஸ்டர் நிக்குது! நீ ஆடவே வேணாம், ஓரமா பெஞ்சுல உட்கார்ந்து கையசைச்சாப் போதும்னு அவன்கிட்டயே சொல்லி வச்சிருக்கோம்யா. டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு!" செயலாளர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். கத்தலைவிட அதுதான் பயமாக இருந்தது. "பதினஞ்சாம் நம்பர் உன் மாப்பிள்ளைதானே?"

மாப்பிள்ளைதான். மகளுக்கு எட்டாம் மாதம். மலையடிவாரமோ பன்னிரண்டு மணி நேர ரயில்.

காலையில் பெயர்ப் பட்டியலைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தார். ஏதோ தாளில் கையெழுத்துப் போட வந்த புயல், "யாரு சார் அந்தப் பதினஞ்சாம் நம்பர்ப் பையன்? இப்படி முறைச்சுப் பாக்கறீங்க?" என்றார். அவ்வளவு பெரிய ஆள் கேட்டதும் கண்ணாடிக்கு வாய் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்தைச் சொடுக்கினார். கலங்கிய கண்ணைத் துடைக்கக் கழற்றிய கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டு, புயலுக்கு டீ வாங்க ஓடினார். திரும்பி வந்தால் கண்ணாடி இல்லை. நேரமும் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார்.

"சத்தியமா வேணும்னு செய்யல சார். என் வேலை போயிடுமா?"

"பாப்போம்," என்றார் செயலாளர். "முதல்ல அவன் காலைப் பிடி. புகார் கொடுத்தான்னா கிளப்பே காலி."

என்ன நடவடிக்கை வரும் என்று கேட்கக் கண்ணாடி லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டார். "பரிசீலனையில் இருக்கு" என்றார்கள். வேலை போய்விடுமா என்று கிளப் வக்கீலிடம் கேட்டார். "போகலாம், போகாமலும் இருக்கலாம்." இந்தப் பதிலைச் சொல்ல இவர் எதற்குச் சட்டம் படித்தார் என்று கண்ணாடிக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளையே போனில் கூப்பிட்டான். "மாமா... எனக்காகவா செஞ்சீங்க?"

"இல்ல மாப்பிள்ளை, கண்ணாடி காணோம்."

"பசங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க மாமா. ஒருத்தனும் என்கூடப் பேசல."

சாயங்காலம், புயல் தங்கியிருந்த ஓட்டல் அறைக் கதவைத் தட்டினார் கண்ணாடி. உள்ளே புயல், பூட்ஸைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னுதுதான். பதினஞ்சைத்தான் அமுக்கினேன், எப்படி ஒரு வரி மேல போச்சுன்னு தெரியல. உங்களை மாதிரி ஆளை அந்தப் பொட்டல் காட்டுக்கு..." கையைக் கூப்பினார். "புகார் பண்ணப் போறீங்களா சார்? என் வேலை போயிடுமான்னு மத்தியானத்துலேருந்து கேக்கறேன், ஒருத்தரும் நேராப் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லிடுங்க."

புயல் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்:

"அந்த கிளப்புல மொத்தமே பதிமூணு பேருதானாம் சார். தொண்ணூறு நிமிஷமும் ஆடியே ஆகணுமாம்."

அவர் சிரிக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடி இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புயல் அருகில் வந்தார். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து, விரித்து, அவர் மூக்கின்மேல் மெல்ல மாட்டிவிட்டார். எதிரே இருந்த முகம் பளிச்சென்று தெளிந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"என்மேல நானே எப்படி சார் புகார் கொடுக்கறது? நீங்க டீ வாங்கப் போனப்போ பேரை மாத்தினவன் நான்தான். வந்து படிச்சிடப் போறீங்களேன்னுதான் இதையும் எடுத்து வச்சுக்கிட்டேன்."