கடைசிப் பக்கத்தில் பறக்கிறவன்

"இன்னைக்கு வேண்டாம் மாமா. நேத்துதானே நடக்கப் பழகுறப்ப விழுந்தீங்க?" என்றாள் மிர்வத்.

"இந்தக் கதையில வர்றவன் விழாத விழுகையா, டாக்டரம்மா?" ஷுக்ரி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய படக்கதைப் புத்தகத்தை உருவினார்.

அலெக்சாந்திரியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பது சந்தேகம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அவரை நடக்கப் பழக்க வந்தவள் மிர்வத்.

"அட்டைகூட இல்லாத இந்தக் குப்பைய வச்சுக்கிட்டு உசுர வாங்குறாரும்மா," என்றாள் மனைவி நவால், ஆரஞ்சு உரித்தபடியே. "எவனோ பிரெஞ்சுக் கப்பல்காரன் தூக்கிப் போட்டது. அரபில இருந்தாலாவது படிக்கலாம்."

"படம் பாக்கத் தெரியும்ல? எடுத்த எடுப்புல குப்பைமேட்டுல கெடக்கான். அப்புறம் ஜெயிலு. வெளிய வந்தா வீடு எரியுது. ஊரே கல்லெறியுது. அப்பவும் விடல. அதே ஊரு கைதட்டுது. கடைசியில கடலுக்கு மேல பறக்கிறான்." அவர் குரல் தணிந்தது. "கனவுல என்னையும் முதுகுல ஏத்திக்கிறான்."

"பாத்து, அங்கேருந்தும் விழுந்து வைக்காதீங்க," என்றாள் நவால்.

ஷுக்ரி கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தார். கால் நடுங்கியது. ஜன்னலில் கடல் வெளிச்சம் தளும்பிக்கொண்டிருந்தது. அதை நோக்கி, தூக்கத்தில் நடக்கிறவர்போல, அடிமேல் அடி வைத்தார். மிர்வத் பிடிக்க வந்த கையை இழுத்துக்கொண்டாள். ஜன்னலை அடைந்தபோது, தூரத்தில் அவருடைய கிரேன் தெரிந்தது. அவர் அழுதார். நவாலுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க பிரான்சுல படிச்சவங்களாமே," என்றார் ஷுக்ரி மூச்சு வாங்க. "பறக்கிறப்ப என்ன சொல்றான்னு படிங்க."

மிர்வத் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மறுகோடிக்குப் புரட்டினாள். மறுபடி அவர் காட்டிய பக்கத்துக்கே வந்தாள்.

"'கொஞ்சம் லேட்டாயிருச்சு, ஆனா வந்துட்டேன்'னு சொல்றான், மாமா."

"பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமையாகச் சிரித்தார் ஷுக்ரி.

மிர்வத் புத்தகத்தை மூடி, தலையணைக்கு அடியிலேயே பத்திரமாக வைத்தாள். இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டிய கதையை, அரபிப் புத்தகம்போல வலப்பக்கத்திலிருந்தே அவர் புரட்டியிருந்தார். பறக்கிறவன் 'என்னை யாராலும் வீழ்த்த முடியாது' என்று கொக்கரித்தது முதல் பக்கம், குப்பைமேட்டில் கிடந்தவனுக்குக் கீழேதான் 'முற்றும்' என்று அச்சாகியிருந்தது.