ஜன்னலோரப் பொட்டுகள்

மனைவி வானதி இறந்த மறுமாதம், வாரியக் குடியிருப்பின் சுவர் இளம்பரிதியின் பக்கம் நகர்ந்து வந்தது. தலைக்கு இத்தனை சதுர அடி என்பது அரசு விதி; ஆள் குறைந்தால் சுவர் நகரும். அவன் இழந்த படுக்கையறை, குழந்தை பிறந்திருந்த பக்கத்து வீட்டோடு சேர்ந்துவிட்டது.

சாவுக்குக்கூட அவன் அழவில்லை. ஆனால் அந்த அறையில் பக்கத்து வீட்டார் சிரிப்பது கேட்டால் வயிறு எரிந்தது.

ஒருநாள் போய்க் கதவைத் தட்டினான்.

"ஜன்னல் ஓரத்துல வானதி ஒட்டி வச்ச பொட்டெல்லாம் இருக்கும். எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்குங்கண்ணே," என்று பக்கத்து வீட்டுச் செல்வராணி குழந்தையோடு விலகி வழிவிட்டாள். "நானும் தூங்கப் போறப்ப அங்கதான் ஒட்டறேன். அக்காவோடது எதுன்னு பாத்து எடுங்க."

ஜன்னல் சட்டம் முழுக்க ஒரே மாதிரி மெரூன் பொட்டுகள். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். எது வானதியுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.