மூன்றாவது தூண்

“மறுபடியும் கை வெச்சுட்டான்!” என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள் மருந்துக் கடைக்காரி.

இருமல் மருந்தை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் திரும்பிப் பார்த்தார். “யாரு, எலியா?”

“எலி தேவலை. ‘மூன்றாவது தூண்’னு பேர் வெச்சுக்கிட்டு எழுதறானே, அவன்!”

கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில், இணையக் கலைக்களஞ்சியத்தில் பிறர் செய்யும் திருத்தங்களைச் சரிபார்ப்பது அவளுடைய சம்பளமில்லாத இன்னொரு வேலை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இடம் அது. அதனால் தன் புகழைத் தானே பாட வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தன் பல் ஆஸ்பத்திரி உலகப் புகழ் பெற்றது என்று எழுதியவர், மாமனாரை மாபெரும் கவிஞராக்கிய மருமகன் என்று எத்தனையோ பேரை அவள் அடையாளம் கண்டு வெளியே அனுப்பியிருக்கிறாள். கணவர் அவளுக்கு ‘ஜட்ஜம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

“என்னதான் எழுதறான், ஜட்ஜம்மா?”

“நம்ம ஆத்துப் பாலத்தைக் கட்டின தலைமைப் பொறியாளரைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. நாற்பது வருஷம் முன்னாடி, மூணாவது தூண்கிட்ட சாரம் சரிஞ்சு மூணு தொழிலாளிங்க செத்தாங்க. உதவிப் பொறியாளரோட கவனக்குறைவுன்னு விசாரணையில முடிவாகி, அவர் வேலை போச்சு. அந்த வரியை அழிச்சுட்டு, ‘தவறு தலைமைப் பொறியாளருடையது’ன்னு இவன் எழுதறான். நான் மாத்தறேன். அவன் திரும்ப எழுதறான். பத்து நாளா இதே கூத்து.”

“அப்ப வேலை போன ஆளுதான். இதைச் சொல்ல ஜட்ஜம்மா எதுக்கு? நானே சொல்லிடுவேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ‘உங்களுக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?’னு கேட்டேன். ‘நெருங்கிய சம்பந்தம்’னு பதில் வந்துச்சு. சம்பந்தப்பட்டவங்க எழுதக் கூடாதுன்னு விதியைக் காட்டினேன். ‘விதி சரிதான், மன்னிக்கவும்’னு எழுதிட்டு, அடுத்த நாளே மறுபடி அதே வரி. சண்டைக்கு வர்றவன் திட்டுவான். இவர் மன்னிப்புக் கேக்கறார். எனக்கு ஒண்ணுமே புரியலை.”

குழப்பத்தில் அவள் வயிற்று வலிக்கு மாத்திரை கேட்டவரிடம் தலைவலி மாத்திரையை எடுத்து வைக்க, கணவர் அதைப் பிடுங்கி மாற்றிக் கொடுத்தார்.

அன்று மாலை அவள் கடைசி எச்சரிக்கை விடுத்தாள். ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் உங்கள் கணக்கு முடக்கப்படும் என்று எழுதினாள். சிறிது நேரத்தில் பதில் வந்தது. ஆதாரம் இருக்கிறது, நேரில்தான் காட்ட முடியும், பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நூலகத்துக்கு வர முடியுமா?

மறுநாள் காலை, வாசிப்பறையின் ஜன்னலோர மேசையில் ஒரு பெரியவர் காத்திருந்தார். தேய்த்த சட்டை, தடித்த கண்ணாடி, மடியில் நீளமான அட்டைக் குழாய். அவளைக் கண்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காருங்க சார், நீங்க போய் எதுக்கு எந்திரிக்கறீங்க?”

“உங்க நேரத்தை ரொம்ப வீணாக்கிட்டேம்மா.”

கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தவளுக்குக் குரல் தானாகத் தணிந்தது. “நாற்பது வருஷமா மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கியிருப்பீங்க சார். எனக்குப் புரியுது. ஆனா உங்களைப் பத்தி நீங்களே எழுதக் கூடாது. எழுத விட்டா எல்லாரும் தனக்குச் சாதகமாத்தான் எழுதுவாங்க.”

“எல்லாருமா?”

“நான் பார்த்த வரைக்கும் எல்லாரும்தான்.”

அவர் அட்டைக் குழாயின் மூடியைத் திறந்தார். குழாயிலிருந்து பழுப்பேறிய வரைபடம் ஒன்றை உருவினார். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க அவள் இரண்டு தடித்த புத்தகங்களை ஓரங்களில் வைத்தாள்.

“கான்கிரீட் போடறப்ப கீழ முட்டுக் கொடுக்கணும். மூணடிக்கு ஒரு முட்டுன்னு வரைஞ்சிருக்கு, பாருங்க. அதைச் சிவப்பு மையில அடிச்சு, அஞ்சடின்னு மாத்தியிருக்கு. வேலை சீக்கிரம் முடியணுமே! ‘தாங்காது சார்’னு அன்னைக்கே சொல்லியாச்சு. எடுபடலை.”

“பக்கத்துல இருக்கற கையெழுத்து?”

“தலைமைப் பொறியாளரோடது. தேதியைப் பாருங்க. சாரம் சரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.”

இவ்வளவு பெரிய சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் எப்படி இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தார்?

“இது இத்தனை வருஷமா எங்க இருந்துச்சு சார்?”

“என் அலமாரியிலதாம்மா. பூட்டி வெச்சிருந்தேன்.”

“உங்ககிட்டயேவா! உங்களுக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பா நெனச்சுக்காதீங்க சார். விசாரணையில இதை எடுத்து நீட்டியிருந்தா உங்க வேலை போயிருக்காதே!”

பெரியவர் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவப்பு மை அழியுமா என்று பார்ப்பவர்போல அதன்மேல் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நீட்டியிருந்தாத்தாம்மா போயிருக்கும்,” என்றார். “வேலை போனவன் செத்து நாலு மாசமாச்சு. நீங்க காப்பாத்திக்கிட்டு வர்ற அந்தத் தலைமைப் பொறியாளர் நான்தான்.”